மழைக்குப் பிறகு மணி பொறுக்கிய ஊர்

முதல் நாள், வெள்ளிக்கிழமை இரவு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாருக்கும் அரியாங்குப்பம் தெரியும். ஆற்றுப் பாலம் வருவதற்கு முன்னால் வலது கைப் பக்கம் வீராம்பட்டினத்துக்கு ஒரு சாலை பிரியும். அரிக்கமேடு என்கிற பழைய துறைமுகப் பட்டினம் புதைந்து கிடக்கிற மேட்டுக்கும் அதுதான் வழி. பல வருடமாக அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன், இறங்கினதில்லை. இந்த ஐப்பசியில் மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. சித்தி வீடும் அரியாங்குப்பத்திலேயே இருக்கிறது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"அரிக்கமேட்டுல பார்க்க என்னப்பா இருக்கு? ரெண்டு செவுரு நிக்குது, மீதியெல்லாம் மாந்தோப்பு" என்றார் சித்தப்பா. அவர் சொன்னதில் தப்பில்லை. மேலே இருப்பது அவ்வளவுதான். அதனால்தான் மதியமே முதலில் பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கிற அருங்காட்சியகத்துக்குப் போனேன். மேட்டில் எடுத்த பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால், வெறும் மண்ணைப் பார்க்கும்போது எதை நினைத்துக்கொள்வது என்றாவது தெரியும்.

முதலில் கண்ணில் பட்டவை ஆம்போராத் துண்டுகள். இரண்டு கைப்பிடியும் கூம்பிய அடியும் கொண்ட பெரிய ஜாடி அது. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும், மீனை உப்பில் ஊற வைத்து இறுத்த சாறும் அதில் வந்து இறங்கின. எங்கேயோ இத்தாலியில் குயவன் வனைந்த ஜாடியின் கழுத்து, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உடைந்து கிடந்திருக்கிறது.

அந்த மாதிரி ஒரு ஜாடித் துண்டுதான் இந்த ஊரை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் ஆம்போராவின் உடைந்த பகுதியைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று விசாரித்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். 1945-இல் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சூளைகளில் செய்த பளபளப்பான சிவப்புக் கிண்ணங்களின் துண்டுகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. அந்தச் சூளைகளின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதை வைத்து, அதே மண் அடுக்கில் கிடந்த நம் பானைகளுக்கும் முதல் முறையாக ஒரு காலக் கணக்கு கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய விஷயம், மறுக்க முடியாது.

ஆனால் வீலர் தன் அறிக்கைக்கு வைத்த தலைப்பிலேயே இந்த ஊரை 'இந்தோ-ரோமானிய வணிக நிலையம்' ஆக்கிவிட்டார். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததும் அதே கதைதான். ரோமானியர்கள் வந்தார்கள், மீனவர் குப்பம் பட்டினமாக எழுந்தது. ரோம் தளர்ந்தது, பட்டினம் படுத்துவிட்டது. யாரோ வந்து விளக்கேற்றிவிட்டு, போகும்போது அணைத்துவிட்டுப் போன மாதிரி. அப்போதிருந்தே எனக்கு ஓர் உறுத்தல். இங்கே இருந்த ஆள்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

அதற்குப் பதில் அடுத்த கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. மணிகள். சிவப்பு, பச்சை, கறுப்பு, நீலம், மஞ்சள். சில மணிகள் கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கண்ணாடியில் செய்தவை போக சூதுபவளம், அகேட், படிகம், செவ்வந்திக்கல் என்று கல்லில் செய்தவையும் இருக்கின்றன. அரிக்கமேட்டில் முடிந்த மணியோடு துளை போடாத கல்லும், பாதி தேய்த்த கல்லும், செதுக்கும்போது விழுந்த சில்லும் சேர்ந்தே கிடைத்தன. அப்படியென்றால் எங்கிருந்தோ வாங்கி விற்ற ஊர் இல்லை இது. பட்டறை வைத்துச் செய்த ஊர்.

மூடும் நேரம் வரை அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். இரவு சித்தி சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். வெளியே நல்ல மழை.

இரண்டாம் நாள், சனிக்கிழமை

விடியற்காலையில் மழை விட்டிருந்தது. சித்தப்பா ஸ்கூட்டரில் காக்காயன்தோப்பு வரை கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து நடை.

மேடு என்றால் குன்று மாதிரி எதையும் எதிர்பார்க்கக் கூடாது. தரை லேசாக உயர்கிறது, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஆறு. மற்ற பக்கமெல்லாம் மாமரமும் தென்னையும். தோண்டிய குழிகளை ஒவ்வொரு முறையும் ஆய்வு முடிந்ததும் மூடிவிட்டார்கள். அதனால் பட்டினத்தின் ஒரு செங்கல் சுவர்கூட இன்றைக்கு வெளியே தெரியாது. சித்தப்பா சொன்ன உயரமான செங்கல் சுவர்கள் நிற்கின்றனவே, அவை ரோமானியர் காலத்தவை என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவை 1770-களைச் சேர்ந்தவை. பிஞோ தெ பெஹேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இந்தோசீனாப் பக்கம் நடத்திவந்த குருமடத்தை அங்கே கலவரம் வந்ததால் இங்கே கொண்டுவந்தார். அந்தக் குருமடத்தின் மிச்சம்தான் இந்தச் சுவர்கள். அதுவும் சில வருடத்தில் காலியாகிவிட்டது. செத்த ஊரின் மேல் இன்னொரு சின்ன ஊர் முளைத்து, அதுவும் போய்விட்டது. ஆலமர வேர் செங்கல் இடுக்கில் இறங்கியிருக்கிறது. சுண்ணாம்புக் காரை விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது.

அதே காலத்தில் இன்னொரு பிரெஞ்சுக்காரரும் இங்கே வந்திருக்கிறார். லெ ழந்தீல் என்ற வானியல் அறிஞர். 1769 ஜூனில் சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்து, அன்றைக்கென்று மேகம் மூடி ஏமாந்தாரே, அவர்தான். வீராம்பட்டினம் பக்கம் கிடந்த பழைய கட்டட மிச்சங்களையும், புத்தர் போல உட்கார்ந்த ஒரு கற்சிலையையும் பற்றி அவர் எழுதி வைத்தார். சுக்கிரன் கைவிட்டாலும் அவருக்கு இந்த மேடு கிடைத்தது. ஆனால் யாரும் அதைத் தொடர்ந்து போகவில்லை. நூற்று அறுபது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது.

1930-களில் மறுபடியும் பேச்சு வந்ததற்குக் காரணம் ஊர்ப் பிள்ளைகள். மழை பெய்து மண் கரைந்தால் மணி மேலே வரும். பிள்ளைகள் பொறுக்குவார்கள். புதுச்சேரிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் அவர்களிடமிருந்து மணிகளை வாங்கிச் சேர்த்தார். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தலை செதுக்கியதாகச் சொல்லப்பட்ட ஒரு சின்னக் கல்லும் அப்படித்தான் 1937-இல் வெளியே வந்தது. வரலாற்றுப் புத்தகத்தில் துப்ரேய் பெயர் இருக்கிறது, வீலர் பெயர் இருக்கிறது. குனிந்து பொறுக்கிய பிள்ளைகளில் ஒருவர் பெயர்கூட இல்லை.

காக்காயன்தோப்பில் ஒரு வீட்டுத் திண்ணையில் எண்பது வயது ஆயா ஒருவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆயா, சின்ன வயசுல மேட்டுல மணி பொறுக்கியிருக்கீங்களா?"

"பொறுக்காம? மழை விட்டதும் ஓடுவோம். செவப்பு மணிதான் நெறைய கெடைக்கும். பச்சை கெடைச்சா அது பெரிய அதிர்ஷ்டம். நூல்ல கோத்துப் பொம்மைக்குப் போடுவோம். எங்கம்மா திட்டும், செத்தவங்க சாமான வீட்டுக்குள்ள கொண்டாராதடின்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கொண்டுபோய் அங்கயே கொட்டிட்டு வந்துடுவேன். இப்ப எடுக்கக் கூடாது தம்பி. கவர்மெண்டு எடம்."

செத்தவங்க சாமான். அந்தம்மா சொன்னதைவிடச் சரியாக அந்த மணிகளைச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை.

மறுபடியும் மேட்டுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆற்றோரம் ஒரு மாமரத்தடியில் ஈரமண் கொஞ்சம் அரித்து ஓடிய தடம். அதில் பானை ஓடு நிறைய. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் பழகக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்போதுதான் தெரிந்தது. செங்கல் நிறத்தில் ஒரு பொட்டு. கேழ்வரகு அளவு. நகத்தால் மெதுவாக மண்ணை ஒதுக்கினேன். மணிதான். ஒரு பக்கம் துளைக்குள் களிமண் அடைத்திருந்தது. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்ததை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். துளையின் ஓரம் எங்கேயும் கூராக இல்லை, உருண்டு மழமழவென்று இருந்தது.

அந்த மழமழப்புக்குப் பின்னால் பெரிய வேலை இருக்கிறது. உருகிய கண்ணாடிக் குழம்பை இரும்புக் குழாயில் திரட்டி, நடுவில் காற்றுத் துளை இருக்கும்படி உருட்டி, உலைக்கு வெளியே கொக்கி போட்டு இழுக்க வேண்டும். கண்ணாடி நூல் மாதிரி நீண்டு வரும், உள்ளே துளையும் கூடவே நீளும். ஆறியதும் அந்த மெல்லிய குழாயை இத்தனூண்டு துண்டுகளாக நறுக்குவார்கள். நறுக்கிய துண்டின் ஓரம் நூலை அறுத்துவிடும். அதனால் சாம்பலைக் கலந்து துளையை அடைத்து, மறுபடியும் சூடு காட்டிக் கிளறுவார்கள். ஓரம் மட்டும் இளகி உருண்டுவிடும். துளை மூடாது. கண்ணாடி மணிகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர், இந்த வகை மணி செய்த மிகப் பழைய இடங்களில் ஒன்று அரிக்கமேடு என்றார். இந்த மணி தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா என்று கிழக்கே எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பட்டினம் ஒடுங்கின பிறகும் தொழில் சாகவில்லை. ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறையில் கண்ணாடி இழுத்து மணி செய்யும் உலைகளை அவர் நேரில் பார்த்து எழுதினார்.

மணியை எடுத்த இடத்திலேயே வைத்துக் கட்டை விரலால் அழுத்திவிட்டு எழுந்தேன். காவலுக்கு இருந்த அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, "எல்லாரும் வைக்கறதில்ல சார்" என்றார்.

வீலரின் குழிகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். 150 அடி நீளத்துக்கு ஒரு கட்டடத்தின் தடம் அவருக்குக் கிடைத்தது. கிடங்கு என்று கருதினார். ஆனால் பல இடத்தில் சுவரே இல்லை. பின்னால் வந்த காலத்தில் ஊர்க்காரர்கள் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். செங்கல் போன பள்ளத்தில் வேறு மண் விழுந்து மூடிக்கொண்டது. அந்த மண்ணின் நிறம் மாறியிருந்ததை வைத்துத்தான் சுவர் இங்கே ஓடியது, இங்கே திரும்பியது என்று கண்டுபிடித்தார்கள். சுவர் இல்லை, சுவர் இருந்த பள்ளத்துக்கு மட்டும் அடையாளம் இருக்கிறது. சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தக் கல்லு இங்க யார் வீட்டு அஸ்திவாரத்துலயாவது இருக்கும்" என்றார்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

இன்றைக்கு வீராம்பட்டினம். செங்கழுநீர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். ஆடி மாதத் தேர் இங்கே பெரிய விசேஷம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். அந்த வழக்கம் இன்றைக்கும் விடவில்லை, துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து இழுக்கிறார்கள். தேர் இல்லாத நாளில் ஊர் நிதானமாக இருந்தது. படகுகள் கரையில் ஏறியிருந்தன, பெண்கள் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வலை சீர்செய்துகொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம் ஆற்று வாய் பற்றிக் கேட்டேன். "முகத்துவாரம் ஒரே எடத்துல நிக்காது தம்பி. மண்ணு தள்ளும், அடைக்கும், வெட்டி விடணும். ஆத்துல தண்ணி வந்தா தானே தொறந்துக்கும்" என்றார். செஞ்சி ஆறு என்கிற சங்கராபரணியின் கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. மழைக் காலத்தில்தான் வேகம். கடல் கொண்டுவந்து கொட்டுகிற மணலைத் தள்ளிவிட வருடம் முழுக்க அதற்குப் பலம் கிடையாது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கப்பல்காரர்களுக்கு இந்த வாய் ஒதுங்க நல்ல இடம். முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, கப்பல்கள் கிளம்பும் துறைகளின் வரிசையில் 'பொதுகே' என்று ஓர் ஊரைச் சொல்கிறது. பழைய கிரேக்கப் புவியியல் அறிஞர் தாலமியும் அதைச் சொல்கிறார். அது அரிக்கமேடுதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அகநானூற்றில் வரும் 'வீரை' என்ற துறை வீராம்பட்டினம்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பாட்டில் துறையில் குவித்த உப்பு பெருமழையில் கரைகிற மாதிரி ஒருத்தியின் தோள் மெலிந்தது என்று வரும். நேற்றைய மழையில் மண் கரைந்ததைப் பார்த்த பிறகு அந்த உவமை வேறு மாதிரி நெஞ்சில் இறங்குகிறது.

சரி, வீலர் சொன்ன கதைக்கு வருகிறேன். அவருக்குப் பிறகு 1947-இலிருந்து 1950 வரை ழான் மரி கசால் என்ற பிரெஞ்சு அறிஞர் தோண்டினார். 1989-இலிருந்து 1992 வரை விமலா பெக்லி தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகமும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து தோண்டின. கதை அடியோடு மாறியது அப்போதுதான். இத்தாலியக் கிண்ணம் வருவதற்கு முன்பே இங்கே ஆள் இருந்தார்கள், கறுப்பு-சிவப்புப் பானையில் சமைத்தார்கள், கிழக்குக் கரையோடு வணிகம் செய்தார்கள். தட்டின் உட்பக்கம் வட்டமாகப் புள்ளிவரிசை ஓடுமே, ரூலெட்டட் என்கிற அந்த வகை. அது மேற்கிலிருந்து வந்தது என்று வீலர் நினைத்தார். பின்னால் களிமண்ணைச் சோதித்ததில் இந்திய மண் என்று தெரிந்தது. பானை ஓட்டில் தமிழ் பிராமியில் கீறியவை கிடைத்திருக்கின்றன. ரோமானியர் வரவு குறைந்த பிறகும் ஊர் இருந்தது. சோழர் காசும், சீனத்திலிருந்து வந்த பச்சை நிற மெருகுப் பாண்டமும் மேல் அடுக்கில் கிடைத்தன.

அதாவது, ஒரே நாளில் செத்த ஊர் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் எழுந்து, படுத்து, மறுபடியும் எழுந்து பார்த்த ஊர். மேற்கத்திய மது ஜாடி வருவது நின்றபோது கிழக்கே மணி போய்க்கொண்டிருந்தது. பெரிய கப்பலும் பெரிய வியாபாரமும் பல்லவர் காலத்தில் மாமல்லபுரத்துக்கும், சோழர் காலத்தில் நாகப்பட்டினத்துக்கும் நகர்ந்தன. இங்கே இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியிருப்பார்கள். உலை எங்கே எரிகிறதோ அங்கே கண்ணாடிக்காரன் போவான். வலைக்காரன் எங்கே போவான்? அவனுக்குக் கடல் இங்கேதான் இருக்கிறது. வீராம்பட்டினத்து மீனவர் தெருக்களில் நடக்கும்போது, அரிக்கமேட்டில் மிஞ்சினவர்கள் இவர்கள்தான் என்று எனக்குப் பட்டது. நிரூபிக்க முடியாது. ஆனால் அப்படித்தான் நம்புகிறேன்.

மாலையில் ஒரு படகில் ஆற்றுக்குள் போய் மேட்டைத் தண்ணீரிலிருந்து பார்த்தேன். கரையின் வெட்டு முகத்தில் ஓடுகள் பல் வரிசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஆறு கொஞ்சம் கொஞ்சமாக மேட்டைத் தின்கிறது. மேட்டுக்குப் பெயரே 'அரிக்கும் மேடு' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அருகன் சிலை இருந்ததால் 'அருகன் மேடு' என்று சொல்கிறவர்களும் உண்டு. படகில் உட்கார்ந்து பார்த்தால் முதல் பெயர்தான் மனசில் நிற்கிறது. இந்தக் கரையைக் காப்பாற்றக் கல் போட்டுக் கட்ட வேண்டும். தோண்டியது மொத்த மேட்டில் ஒரு பகுதிதான். மீதியை ஆறு படித்துவிட்டுப் போய்விடக் கூடாது.

நான்காம் நாள், திங்கள் காலை

ஊருக்குத் திரும்புகிறேன். சித்தி ஒரு தூக்கில் மீன் வறுவல் கொடுத்தாள்.

போகிற வழியில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இறங்கி, செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடத்தை எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆங்கிலேயர் 1690-இல் மராத்தியரிடம் வாங்கிய கோட்டை. சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதால் 1746-இலிருந்து சில வருடம் தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்கு அதுதான் தலைமையிடம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துப் போட்டார். அதோடு அதன் பெரிய காலம் முடிந்தது. எதிரி வந்து ஒரே அடியாக வீழ்த்திய இடம் அது, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இன்றைக்கு மனசு மேட்டிலேயே இருக்கிறது.

கடலூர் பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால் புதுச்சேரி பஸ் நிலையத்துக்கே போய் ஏற வேண்டும். அதனால் காலையில் அங்கே போனேன். நரிக்குறவப் பெண் ஒருவர் தரையில் துணி விரித்துப் பாசிமணி வைத்திருந்தார். நாலு நாள் முன்னால் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். இப்போது குனிந்துவிட்டேன். பெரும்பாலும் பிளாஸ்டிக். கீழே இரண்டு சரம் மட்டும் கண்ணாடி, செங்கல் சிவப்பு.

"இது எங்க செய்யறது அக்கா?"

"ஆந்திரா மணி சாமி. மொத்தமா வாங்கிட்டு வந்து நாங்கதான் கோப்போம்."

ஒரு சரம் வாங்கினேன். முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று சொல்லி அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். நூல் நுனியை எச்சிலில் நனைத்து, விரலால் முறுக்கி, தட்டில் கிடந்த மணிகளைப் பார்க்காமலேயே ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தார். ஐந்து, ஆறு, ஏழு. கடலூர் பஸ் ஹாரன் அடித்தது. "இரு சாமி, முடிஞ்சிடும்" என்றார். நின்றேன்.